கட்டி முந்தியா, அழற்சி முந்தியா?

கணையத்தில் நீர் கோத்த கட்டி ஒன்று சிடி ஸ்கேனில் தெரிந்தால் பலருக்கும் முதலில் வாயில் வருவது 'சூடோசிஸ்ட்'. கணைய அழற்சிக்குப் பிறகு தேங்கும் திரவம் அது. பல நேரம் அதுவாகவே இருக்கும். ஆனால் கட்டியே அழற்சியைக் கொண்டுவருவதும் உண்டு. கணையக் குழாயின் உட்பூச்சில் வளரும் ஐபிஎம்என் வகைக் கட்டி சுரக்கும் கோழை அந்தக் குழாயையே அடைத்துவிடும். வீக்கத்தைப் பார்க்கும் அவசரத்தில், அதற்குக் காரணமான கட்டி கண்ணுக்குத் தப்பிவிடும். இந்த வகையில் பிரதானக் குழாய் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தாலோ, கட்டிக்குள் 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சு, ஸ்கேனுக்காக ரத்தத்தில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றுப் பளிச்சிட்டாலோ புற்றுநோய்ச் சந்தேகம் வலுத்துவிடும்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் என் பணியில் மறக்க முடியாதவர், ரத்த வாந்தியோடு வந்த நாற்பதுகளில் இருந்த ஓர் அம்மா. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் மேல்பகுதியில் மட்டும் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன. ஈரலில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியென்றால் அடைப்பு மண்ணீரல் சிரையில் இருக்க வேண்டும். மருந்து செலுத்தி 70 வினாடியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கணையத்தின் வாலருகே அந்தச் சிரை சட்டென்று மறைந்தது. அங்கே தடித்த சுவரும் உள்ளே தடுப்புகளும் கொண்ட கட்டி. வழியடைபட்ட ரத்தம் இரைப்பையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. கசிந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியக்கூடிய, எம்ஆர்ஐயின் டி1 வகைப் படத்தில் கட்டியின் ஒரு அறை மட்டும் வெள்ளையாக மின்னியது. உள்ளேயும் ரத்தம் கசிந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி கணையத்துல வீக்கம்னு யாராவது சொன்னாங்களாம்மா?"

"இல்ல டாக்டர். கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுத்தப்ப வயித்துல நீர்க்கட்டி இருக்குன்னு மட்டும் சொன்னாங்க."

மகன் மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தப் பழைய படத்தில், அதே இடத்தில், இன்னும் சிறியதாக அது இருந்தது. அழற்சி வந்ததே இல்லை, கட்டிதான் முதலில். கோழை நிறைந்த மியூசினஸ் கட்டி என்று ரிப்போர்ட் எழுதினேன். சூடோசிஸ்ட் என்று நினைத்து இரைப்பை வழியாகக் குழாய் வைத்து வடிக்கும் பேச்சு அதோடு நின்றது. வடித்திருந்தால் கட்டி அப்படியே உள்ளே தங்கியிருக்கும்; சுற்றிலும் புடைத்த ரத்தக்குழாய்கள் வேறு. மண்ணீரலோடு சேர்த்து அதை எடுத்தார்கள். கட்டியின் சுவரில் சினைப்பைத் திசு போன்ற அடுக்கு இருந்ததை நோய்க்குறியியல் துறை உறுதி செய்தது. அந்த வகைக்கு அதுதான் அடையாளம்.

ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் 'வயிற்றுவலி' என்று மட்டும் எழுதாதீர்கள். அழற்சி எப்போது வந்தது, மதுப்பழக்கம் உண்டா, பித்தக்கல் உண்டா என்று ஒரு வரி சேருங்கள். பழைய படங்களையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.