இடது காது

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து கேட்டார்கள். விளையாட்டு விழாவையும் ஆண்டு விழா நாடகத்தையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். 1988இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தோழிக்கு நான் காது குத்திவிட்டதை நான்தான் எழுத வேண்டும். அவளிடம் போனில் கேட்டேன். "எழுதுடி, பேரு மட்டும் போடாத" என்றாள். பத்தாம் வகுப்பு, ஜன்னலோரம், இரண்டாவது பெஞ்சு. நம் செட்டுக்கு இது போதும்.

அவள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில். நான் திருப்பாதிரிப்புலியூர். எங்கள் ஊர் வரைக்கும் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொள்வாள், மிச்சக் காசு கையில் நிற்கும். அங்கிருந்து கெடிலம் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பத்தில் பள்ளி வரை இருவரும் நடப்போம். அவள் அப்பா படகுக்காரர். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், படகு கரையில் கிடக்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் அவளுடைய தோடு சேட்டுக் கடையில் இருக்கும். பொங்கல் கழிந்து தொழில் சூடு பிடித்ததும் திருப்பிவிடுவார்கள். அதுவரை காதில் ஈர்க்குச்சி. மழைக்காலத்தில் நம் வகுப்பில் அப்படி நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. அதை இன்றைக்கும் பெருமையாக நினைக்கிறேன்.

1987 மழைக்காலத்தில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. இடது காது மடலிலும் ஒரு கொப்புளம். குச்சியை எடுத்துவிட்டு வேப்பிலையில் படுத்துக் கிடந்தவள், தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்தபோது அந்தக் காது தூர்ந்து போயிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஈர்க்குச்சியில் கடுகளவு கிள்ளி, மடலின் முன்பக்கம் வேலம்பிசினால் ஒட்டிக்கொண்டாள். தினமும் காலையில் புதிதாக ஒட்டுவாள். பாலத்தின் நடுவில் காற்றுக்கு அது விழுந்த ஒருநாள்தான் எனக்கே தெரிந்தது.

"அம்மா கிட்ட சொல்லேன்டி."

"தோடு திருப்பவே காசு பத்தல. இதுல ஆசாரிக்கு வேற எங்க போகும்?"

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். அதற்குள் தோட்டைத் திருப்பிப் பிள்ளை காதில் போட்டுவிட வேண்டும் என்று அவள் அம்மா சீட்டுக் காசுக்குக் காத்திருந்தார். அந்த நாள் நெருங்க நெருங்க இவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நீயே குத்திவிட்டுடுடி, பயாலஜில நீதான ஃபர்ஸ்ட்டு" என்றாள்.

அன்றைக்கு என் அப்பாவும் அம்மாவும் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஆயா திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா தையல் சாமான் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவிலிருந்து ஊசி எடுத்தேன். மடலுக்குப் பின்னால் வைக்க உருளைக்கிழங்கில் பாதி. மரத்துப்போக ஐஸ் வேண்டும், எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் இருந்த வீடு ஒன்றோ இரண்டோதான், அங்கே போய்க் கேட்க முடியாது. தெருவில் வந்த வண்டியில் ஆரஞ்சுக் குச்சி ஐஸ் வாங்கினோம். அதை அவள் காதின் இருபுறமும் அழுத்திப் பிடித்தேன். சர்க்கரைத் தண்ணீர் கழுத்தில் வழிந்து தாவணிக்குள் இறங்கியது. வலது காதைப் பார்த்துப் பார்த்து, இடதில் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி வைத்தேன். சிம்னி விளக்கில் ஊசியைக் காட்டினேன். கரி பிடித்தது. தாவணி முந்தானையால் துடைத்தேன்.

காது மடல் மெத்தென்று இருக்கும், ஊசி சுலபமாக இறங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. தோல் ஊசியோடு உள்ளே குழிந்ததே தவிர விடவில்லை. இன்னும் அழுத்தினேன். 'நறுக்'கென்று ஒரு சத்தம் என் விரலுக்குக் கேட்டது. காதுக்குக் கேட்டதா என்று தெரியாது, விரலுக்குக் கேட்டது. முன்தோல் விட்டுவிட்டது. பின்தோல் இன்னும் பாக்கி. அங்கே என் கை நின்றுபோயிற்று. பாதி ஊசி உள்ளே, பாதி வெளியே. அவள் கண்ணை மூடிக்கொண்டு என் பாவாடையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். "நிறுத்தாதடி" என்றாள். குரலில் அழுகை இல்லை. இரண்டாவது 'நறுக்'கோடு ஊசி உருளைக்கிழங்கில் இறங்கியது. தேங்காய் எண்ணெயில் தோய்த்த கறுப்பு நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன். பிறகு வாசலில் போய் வாந்தி எடுத்தேன். அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைக் கழுவினாள்.

நாலாம் நாள் காது வீங்கிச் சிவந்து சீழ் வைத்துவிட்டது. முடியை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். சயின்ஸ் டீச்சர் பாடத்தின் நடுவே சாக்பீஸை வைத்துவிட்டு அவளிடம் வந்து, முடியை விலக்கிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டதும் நான் எழுந்து நின்றேன். ஒரு சொல் திட்டவில்லை. எங்கள் இருவரையும் ரிக்ஷாவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே இருந்த நர்ஸம்மா முதலில் கேட்டது, "கை கழுவினியா?"

இல்லை. அதன்பின் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். ஐஸ், நூல், தாவணி. ஊசியை விளக்கில் காட்டியும் தாவணியில் துடைத்ததில் எல்லாம் போச்சு என்றார். ஐஸ் வண்டித் தண்ணீர் எங்கே பிடித்ததோ. முறுக்கு நூலோ சீழையும் அழுக்கையும் உறிஞ்சித் துளைக்குள்ளேயே வைத்திருக்கும். நூலை வெட்டி எடுத்தார், ஆனால் துளையைச் சும்மா விடவில்லை. மேல்தோல் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும் என்று சொல்லி, தையல் போடுகிற நைலான் இழையை அதன் வழியே விட்டார். டெட்டனஸுக்கு ஒரு ஊசி. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், கால் ஸ்பூன் உப்பு, காலையும் மாலையும் கழுவ வேண்டும், விரலால் திருகக் கூடாது, ஆறு வாரம். "தினம் நீதான் கழுவிவிடணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தினமும் இடைவேளையில் கழுவிவிட்டேன், சோப்புப் போட்ட கையோடு. நான் நர்ஸ் படிப்புக்குப் போனது அந்த அம்மாவால்தான்.

மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். மகளின் காதைப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தோட்டையே வித்து ஆசாரிக்குக் குடுத்திருப்பேனே" என்று அழுதார். இந்த வார்த்தைக்குப் பயந்துதான் அவள் வாயைத் திறக்கவில்லை.

மாசி மகம் வலது காதுத் தோட்டோடு மட்டும் போயிற்று. பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோதுதான் இரண்டு தோடும் ஏறின. இடது துளை வலதைவிட ஒரு நெல்லளவு கீழே விழுந்திருந்தது. இப்போதும் அப்படியே இருக்கிறது. ஒரு ஆசாரியிடம் போய்ச் சரி செய்துகொள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கேட்கமாட்டாள்.

இங்கே சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்குக் காது பழுத்து வருகிறவர்களில் இப்போது மேல்காதில் குத்திக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம். மடலில் கொழுப்பும் ரத்த ஓட்டமும் உண்டு, தாங்கும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்தக் குழாய் கிடையாது. அங்கே சீழ் பிடித்தால் மருந்து போய்ச் சேர்வதே கஷ்டம், காதின் வடிவமே சுருங்கிவிடும். ஆற மாதக்கணக்காகும். பிளாஸ்டிக் துப்பாக்கியால் அங்கே அடித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கருவியை நீராவியில் வைத்துச் சுத்தம் செய்யவே முடியாது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறேன். அந்த நாளில் ஒரே ஊசியை அக்காவுக்கும் தங்கைக்கும் மாற்றி மாற்றிக் குத்திய வீடுகளை எனக்குத் தெரியும். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல், நமக்குப் பக்கத்துச் சென்னையில்தான். இரண்டு வருஷம் கழித்தும் எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

போன தை மாதம் அவள் பேத்திக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். டிக்கெட் எடுத்து ஓடினேன். குழந்தை தாய்மாமன் மடியில் இருந்தாள். ஆசாரி கையைக் கழுவிக்கொண்டு, ஸ்பிரிட் பஞ்சால் மடலைத் துடைத்து, இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்தார். கம்பியை எடுக்கப் போனவரை என் தோழி நிறுத்தினாள்.

"இருங்க, இவ பாக்கட்டும்."

குழந்தைக்கு நேர் எதிரே மண்டியிட்டுப் பார்த்தேன். முகத்தை நேராகப் பிடிக்கச் சொல்லி, மறுபடியும் பார்த்தேன்.

"இடது பக்கம் ஒரு நெல்லளவு மேல" என்றேன். ஆசாரி அந்தப் புள்ளியைத் துடைத்துவிட்டு மேலே வைத்தார்.