தண்ணி பொய் சொல்லாது

"தண்ணி பொய் சொல்லாது, அண்ணை" என்று நான் சொன்னேன். அதற்கு முன் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இது உங்கட காசெண்டா வாங்குவீங்களோ, தம்பி?" நான் "வாங்க மாட்டன்" என்றேன். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கணக்காளன் அப்படிப் பதில் சொல்லக்கூடாது என்றாலும், ஊர்க்காரன் ஊர்க்காரனுக்குச் சொன்னதாக என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன், அதுவும் ஐயத்துக்கு இடமே வைக்காத குரலில். 2020 ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த வாரம் அது. திருகோணமலை மத்திய வீதியில் என் அலுவலகத்து மேசையின் எதிர்ப்புறம் அவர் இருந்தார். அவருக்கு முன்னால் நான் தயாரித்த 11 பக்க அறிக்கை இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

அவர் வாங்க நினைத்தது அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்து லோண்டரிக் கடை. காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரங்கள், உலர்த்தும் இயந்திரங்கள், பகுதி நேரமாகத் துப்புரவு செய்து கதவைப் பூட்டிப் போக ஒருவர், அவ்வளவுதான் கடை. விலை 150,000 டொலர். அன்று டொலர் ஒன்று ஏறத்தாழ 181 ரூபாய். ஆக 2 கோடியே 70 இலட்சத்துக்குச் சற்று மேல். இதற்காகவே நிலாவெளிக் காணியை விற்று, கனடாவிலிருந்த தமையன் நன்கொடையாகக் கொடுத்ததையும் சேர்த்து, வங்கியில் வைத்திருந்தார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கட்டிக்கொண்டிருந்த விடுதிகள் பாதியில் நின்றன. விடுதிகள் நின்றால் சீமெந்தும் கம்பியும் விற்கிறவரின் கடை எப்படி நடக்கும் என்பதை அவருடைய கணக்குப் புத்தகத்தில் மாதம் மாதமாக நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் பணம் போட்டுத் தொழில் நடத்துகிறவர்களுக்கான ஈ-2 விசாவைப் பற்றி அவர் என்னிடம் முதன்முதல் பேசியபோது அவருடைய முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. "இந்தியாக்காரருக்கே இல்லாத வழி, தம்பி, எங்களுக்கு இருக்கு." உண்மைதான். அந்த விசா அமெரிக்காவோடு அதற்கான உடன்படிக்கை உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும் உரியது. இலங்கைக்கு அது 1993 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்தியாவுக்கு இல்லை. இவ்வளவு பணம் போட வேண்டும் என்று சட்டத்தில் தொகை எதுவும் குறிக்கப்படவில்லை. வாங்கும் தொழிலின் விலையோடு ஒப்பிட்டால் கணிசமானதாக இருக்க வேண்டும், அந்தப் பணம் நேர்மையான வழியில் வந்தது என்று தாள் தாளாகக் காட்ட வேண்டும், தொழிலில் குறைந்தது பாதி உரிமை இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் உண்மையிலேயே தொழிலில் இறங்கியிருக்க வேண்டும். வங்கியில் இருப்பைக் காட்டிவிட்டு விசா கேட்க முடியாது. விசா கிடைத்தால்தான் பணம் விற்பவருக்குப் போகும் என்று நிபந்தனை போட்டு நடுவர் கணக்கில் வைக்கலாம். அவருடைய அமெரிக்கச் சட்டத்தரணியும் அந்த ஏற்பாட்டைத்தான் சொல்லியிருந்தார்.

இன்னொரு விதியும் உண்டு. இந்தக் கதையில் முக்கியமானது அதுதான். தொழில், உரிமையாளரும் குடும்பமும் சோறு தின்னும் அளவுக்கு மட்டுமே உழைப்பதாக இருக்கக்கூடாது. ஐந்து ஆண்டுக்குள்ளாவது அதற்கு மேலே வருமானம் தரக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே கடையின் உண்மையான வருமானம் எவ்வளவு என்ற கேள்வி, வாங்கலாமா என்பதை மட்டுமல்ல, விசா கிடைக்குமா என்பதையும் தீர்மானிக்கும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் அவர் என்னிடம் வந்தார். அமெரிக்காவிலும் கணக்காளர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். "அவையளை எனக்குத் தெரியாது" என்றார்.

காசு போட்டு ஓடும் இயந்திரக் கடையில் விற்பனைச் சீட்டு என்று ஒன்று இல்லை. விற்பவர் சொல்வதை எதைக் கொண்டு சோதிப்பது என்று தேடியபோது, தண்ணீரைக் கொண்டு சோதிப்பார்கள் என்று அறிந்தேன். துணி துவைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு மீற்றர் இருக்கிறது. மீற்றரைக் கடைக்காரன் எழுதுவதில்லை. இதைக் கண்டுபிடித்த இரவில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சிட்டைகளையும் வவுச்சர்களையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, துப்பறிகிற வேலை ஒன்று கிடைத்துவிட்டது போலிருந்தது.

விற்பவர் துவைப்பில் மட்டும் ஆண்டுக்கு 96,000 டொலர் வருவதாகக் காட்டியிருந்தார். ஒரு துவைப்புக்குச் சராசரி 4 டொலர் என்றால் ஆண்டுக்கு 24,000 துவைப்பு, மாதத்துக்கு 2,000. அங்கிருந்த இயந்திரங்களின் விவரப்படி ஒரு துவைப்புக்கு ஏறத்தாழ 20 கலன் தண்ணீர். அப்படியானால் மாதத்துக்கு 40,000 கலன் ஓடியிருக்க வேண்டும். தண்ணீர் பில்கள் பன்னிரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். மாதச் சராசரி 40 யூனிட். அமெரிக்காவில் பல இடங்களில் தண்ணீரை 100 கன அடி கொண்ட யூனிட்டாக அளக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். 100 கன அடி என்பது 748 கலன். நாற்பதால் பெருக்கினால் 29,920 கலன். அதாவது 2,000 துவைப்பு அல்ல, 1,500 துவைப்புக்கும் சற்றுக் குறைவு. நான்கில் ஒரு பங்கு வருமானம் கடதாசியில் மட்டும் இருந்தது.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டின் நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு "சரி தம்பி" என்று எழுந்து, அறிக்கையைத் தன் கடைப் பெயர் அச்சிட்ட பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த மாதத்திலேயே பேரத்தைக் கைவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். நான் "நல்லது" என்றேன் என்று நினைக்கிறேன். அதையும் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அதன் பிறகு நடந்தவை என்னை மாறி மாறிச் சரியென்றும் பிழையென்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன. மார்ச்சில் கொரோனா வந்தது. உலகெங்கும் அமெரிக்கத் தூதரகங்கள் வழமையான விசா வேலைகளை நிறுத்தின. அவர் பணம் போட்டிருந்தால் அது நடுவர் கணக்கில் முடங்கிக் கிடந்திருக்கும் என்று நான் மனைவியிடம் ஒருமுறைக்கு மேல் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் வெளிநாட்டு முதலீட்டுக்கென்று நாட்டை விட்டுப் பணம் அனுப்புவதை அரசு மூன்று மாதத்துக்கு என்று சொல்லி இடைநிறுத்தியது. மூன்று மாதம் நீண்டுகொண்டே போனது. அதே வேளையில், அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் லோண்டரிக் கடைகளை அத்தியாவசியச் சேவையாகக் கருதித் திறந்தே வைத்திருந்தார்கள் என்றும் வாசித்தேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை.

பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாத நடுவில் 360ஐத் தொட்டது. அவருடைய 2 கோடி 70 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பில்தான் இருந்தது, வட்டியோடு. நான் வேண்டாம் என்று சொன்ன நாளில் அந்த முதல்தொகை ஒரு கடையின் விலை. இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கழித்து அரைக் கடையின் விலை. மண்ணெண்ணெய் வரிசையில் ஒருநாள் அவரைக் கண்டேன். "காணியையாவது விக்காமல் விட்டிருக்கலாம்" என்று சிரித்தார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் அறிக்கையை நான் தற்காத்துப் பேசியிருப்பேன்.

இதுவரைக்கும் உள்ளதை என்னால் தாங்க முடிகிறது. நோய் வருமென்றோ நாடு வங்குரோத்தாகும் என்றோ எந்தக் கணக்காளனும் அறிக்கையில் எழுத முடியாது. தாங்க முடியாதது வேறு. 2023 ஆகஸ்டில் இங்கே தண்ணீர்க் கட்டணம் உயர்ந்தபோது, உப்புவெளியில் சிறு விடுதி நடத்தும் ஒருவர் தன் பில்லைக் கொண்டுவந்து, கட்டணம் எப்படி இவ்வளவு ஏறியது என்று விளங்கப்படுத்தச் சொன்னார். நம்முடைய பில்லில் ஒரு யூனிட் என்பது ஒரு கன மீற்றர், 1,000 லீற்றர். அதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயில் வார்த்தை நின்றுவிட்டது. அவர் போன பிறகு இரும்பு அலுமாரியைத் திறந்து அந்தக் கோப்பை எடுத்தேன்.

அமெரிக்காவில் 100 கன அடியால் அளக்கும் ஊர்கள் உண்டு. 1,000 கலனால் அளக்கும் ஊர்களும் உண்டு. யூனிட் என்ன என்று பில்லின் மேல்வரியில் ஒரு சிறு கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு படத்திலும் அந்தக் கட்டம் தாளின் மடிப்பில் விழுந்து மங்கியிருக்கிறது. இரண்டில் முதலெழுத்து தெரிவது போலிருக்கிறது. என் கண்ணுக்கு ஒருநாள் ஓர் எழுத்தாகவும் மறுநாள் இன்னோர் எழுத்தாகவும் தெரிகிறது. யூனிட் 1,000 கலன் என்றால் நாற்பது யூனிட் 40,000 கலன். அதாவது மாதத்துக்குச் சரியாக 2,000 துவைப்பு. விற்பவர் ஒரு சதம் கூடப் பொய் சொல்லவில்லை என்று ஆகும். தண்ணி பொய் சொல்லாது என்று நான் சொன்னதும் உண்மையாகவே இருக்கும். அதை வாசித்தவன்தான் பிழை.

அறிக்கையில் மறைத்தேனா என்றால் இல்லை. ஒன்பதாம் பக்கத்தின் அடிக்குறிப்பில், "ஒரு யூனிட் 100 கன அடி எனக் கொள்ளப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். கணக்காளர் எவரும் இதைப் படித்தால் நான் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறேன் என்றுதான் சொல்வார். ஆனால் அடிக்குறிப்பில் "எனக் கொள்ளப்பட்டது" என்று எழுதிய அதே ஆள்தான், மேசைக்கு மேலே "பொய் சொல்லாது" என்று பேசினான். எழுதும்போது இருந்த ஐயம் பேசும்போது எங்கே போனது? ஐயத்தோடு பேசியிருந்தால் அவர் திரும்ப விற்பவரிடம் கேட்டிருப்பார், ஒரு தெளிவான படம் வந்திருக்கும், பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

என் பக்கத்தில் சொல்ல வேறு நியாயங்களும் இருக்கின்றன. கடையின் குத்தகையில் 26 மாதமே மீதமிருந்தது. நீடிக்கும் உரிமை எழுதப்படவில்லை. லோண்டரி வாங்குகிறவன் வாங்குவது குழாயும் வடிகாலும் பொருந்திய அந்த இடத்தைத்தான். கட்டட உரிமையாளர் வெளியே போ என்றால் மிஞ்சுவது பழைய இயந்திரங்கள். விற்பவரின் மனைவியும் மகனும் சம்பளமில்லாமல் வேலை செய்ததால் இலாபம் கூடித் தெரிந்தது. என்னிடம் வந்தவருடைய மகளுக்கு அப்போது 17 வயது. 21 ஆனால் பெற்றோரின் ஈ-2 விசா அவளுக்கு நிழல் தராது, கிரீன் கார்டுக்கும் அது நேர்வழி அல்ல. இவற்றில் ஒன்றைச் சொல்லி வேண்டாம் என்றிருந்தால் இன்றும் அந்தப் பதிலில் நிற்பேன். எல்லாம் அறிக்கையில் இருக்கின்றன. ஆனால் அவர் கேட்ட நேரத்தில் என் வாயில் வந்தது தண்ணீர்தான். குத்தகை யாரும் பார்க்கக்கூடிய குறை, தண்ணீர் நான் கண்டுபிடித்தது.

இதைவிடச் சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. கணக்கு நான்கில் ஒரு பங்கு குறைந்து வந்தபோது நான் மேலும் சரிபார்க்கவில்லை. நான்கில் ஒரு பங்கு கூடி வந்திருந்தால் நிச்சயம் யூனிட்டைச் சந்தேகித்திருப்பேன். விற்பவன் ஊதித்தான் காட்டியிருப்பான் என்று முன்பே நம்பியிருந்தேன், விடை அந்த நம்பிக்கைக்கு வந்து சேர்ந்தது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு நிச்சயமில்லை. என் அலுமாரியில் மூடிக் கட்டிய கோப்புகளில் பாதிக்கு மேல் ஊரை விட்டுப் போனவர்களுடையவை. ஒருவர் போக, அவருக்குப் பொருள் கொடுத்தவரும் போக, மிஞ்சியவரின் கணக்கு இளைக்கிறது. அவருடைய கடைக் கணக்கு எனக்கு ஆண்டு முழுவதும் வேலை தந்தது. அதற்காக நான் அப்படிச் சொன்னேன் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர் "சரி தம்பி" என்று எழுந்தபோது எனக்கு ஓர் ஆறுதல் ஏற்பட்டது நினைவிருக்கிறது. அது அவருடைய காசு தப்பியதற்கான ஆறுதல் என்றுதான் அன்று நினைத்தேன்.

சென்ற நவம்பரில் வருமான வரி விவரத்திரட்டுக்காக வழக்கம்போல வந்தார். கடை பரவாயில்லை என்றார். மகள் மாணவர் விசாவில் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள்; கட்டணத்துக்கு அந்த வைப்பைத்தான் உடைத்திருக்கிறார். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்துகொண்டே, "அந்த அமெரிக்காக் கடை இப்ப யாரிட்ட இருக்குதோ தெரியாது, என்ன?" என்றார். யூனிட்டைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வந்திருக்க முடியாது. நான் வட்டிச் சான்றிதழில் பிடித்துவைத்த வரியின் தொகையைச் சுட்டி, இது சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறதே என்று கேட்டேன்.

தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் பெயர் பில்லின் உச்சியில் மங்காமல் இருக்கிறது. எந்த யூனிட்டில் அளக்கிறார்கள் என்பதை அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல் போதும். இரண்டு முறை அந்தப் பெயரைத் தேடும் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டு முறையும் கடைசி எழுத்து வரைக்கும் எழுதிவிட்டு மூடிவிட்டேன்.