அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டை மறுபடியும் பார்க்க வைத்த கதை

கோபிக்குப் பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர், மஞ்சளும் நெல்லும். அப்பாவுக்கு 64 வயது. வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்ததை ஏழு மாதம் மூலம் என்றே நினைத்துத் துத்தி இலையும் மோருமாக ஓட்டிவிட்டார். ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கிய பிறகுதான் கொலனோஸ்கோப்பி. பெருங்குடலின் இடதுபக்கம் புற்றுநோய்க் கட்டி. ஸ்கேனில் ஈரலிலும் நுரையீரலிலும் எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

வெட்டியெடுத்த குடலின் பயாப்சி ரிப்போர்ட்டில் கட்டி டி3, அதாவது குடலின் தசைச் சுவரைத் தாண்டியது, நெறிகட்டிகள் ஒன்பதைப் பார்த்தோம், எதிலும் பரவவில்லை என்று இருந்தது. கீமோ வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்த வாரம் திருப்பூர் மாமா போன் செய்து, "கட்டிக்கு ரத்தம் போற குழாயவே அடைக்கற ஊசி இருக்குதாமா அம்மிணி, கேட்டுப் பாரு" என்றார். அதைக் கேட்கத்தான் ஈரோட்டில் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் போனோம். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்னும் பயமாக இருக்கிறது.

அவர் அவசரப்படாமல் விளக்கினார். சொந்தமாக ரத்தக்குழாய் இல்லாமல் எந்தக் கட்டியும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது. 1971-லேயே ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைச் சொன்னார். வெகுகாலம் பலர் நம்பவில்லை. கட்டி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளை இழுத்துக்கொள்கிறது. அப்பா குறுக்கே பேசினார்: "வாய்க்கால்ல ராத்திரியோட ராத்திரியா பைப்பு போட்டுத் தண்ணி திருடறாப்பலீங்களா?" டாக்டர், "அதேதானுங்க" என்றார்.

அந்தக் குழாய்களைச் சாயம் போட்டு எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். அடர்த்தி கூடினால் நோயின் போக்கு மோசம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அப்படி இல்லை என்று வேறு சில. எந்த இடத்தில் எண்ணுகிறோம், யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுவதால் அதை வைத்து வைத்தியத்தை முடிவு செய்வதில்லை. மாமா சொன்ன ஊசி பெவாசிசுமாப், அந்த வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுப்பது. 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குடலைத் தாண்டிப் பரவியவர்களுக்குக் கீமோவோடு அதையும் சேர்த்தபோது ஆயுளின் இடைநிலை அளவு 15.6 மாதத்திலிருந்து 20.3 ஆனது. ஆனால் பரவாதவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பலன் இல்லை. புண் ஆறுவதையும் தடுக்கும், ஆபரேஷன் முடிந்து 28 நாளாவது கழியாமல் போடவே கூடாது. "உங்க அப்பாவுக்கு அது வேண்டாமுங்க."

பிறகுதான் ரிப்போர்ட்டில் விரல் வைத்தார். "கட்டி ரத்தக்குழாய வளர்க்குதாங்கறது ஒரு கேள்வி. ரத்தக்குழாய்க்குள்ளயே கட்டி பூந்துருச்சாங்கறது வேற கேள்வி. நமக்கு இப்ப ரெண்டாவதுதான் முக்கியம். அந்த வரியே இதுல இல்லை." நெறிகட்டியும் குறைந்தது 12 பார்த்திருக்க வேண்டும் என்றார். குடலின் ரத்தம் நேராக ஈரலுக்குத்தான் போகும், அதனால் சிரைக்குள் புகுந்த செல்லுக்கு முதல் மடை ஈரல். பஸ்ஸில் வரும்போது அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பார்த்தீனிய விதை வாய்க்கால்ல உழுந்துருச்சான்னு பாக்கோணும்ங்கறாரு கண்ணு."

மறுநாளே லேபுக்குப் போனேன். அன்று ஆபரேஷன் முடிந்து 26-வது நாள். வெட்டியெடுத்த குடலில் மிச்சத்தை ஃபார்மலினில் சில வாரம்தான் வைத்திருப்பார்கள். பரிசோதனைக்கு எடுத்த துண்டுகளைப் பதித்து வைக்கும் மெழுகு பிளாக்குகள் மட்டும் பல வருடம் இருக்கும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் முதல் வாரமே ஓடியிருப்பேன். கவுன்டரில், "ரிப்போர்ட் குடுத்தாச்சுங்களே" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் டாக்டரின் கடிதத்தோடு நோயியல் மருத்துவரையே நேரில் பார்த்தேன். கடிதத்தில் மூன்றே கோரிக்கைகள்: மிச்சத் திசுவில் நெறிகட்டிகளை மறுபடி தேட வேண்டும், சிரைக்குள் ஊடுருவல் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும், பிளாக்கும் ஸ்லைடும் தர வேண்டும். அந்த அம்மா வருத்தம் தெரிவித்து, அன்றே ஜாடியை எடுக்கச் சொன்னார். நல்லவேளை, இருந்தது.

நெறிகட்டி 16 ஆனது. எதிலும் இல்லை. பிளாக்குகளை ஈரோட்டு டாக்டர் சொன்ன இடத்துக்கு மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுபோனேன். வெயில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அங்கே எலாஸ்டிக் சாயம் போட்டார்கள். சாதாரணச் சாயத்தில் கட்டி நிரம்பிய சிரை வெறும் கட்டித் துண்டு போலவே தெரியுமாம். பக்கத்தில் தமனி மட்டும் துணையில்லாமல் நின்றால்தான் சந்தேகம் வரும். இந்தச் சாயத்தில் சிரையின் சுவர் கறுப்பு வளையமாகத் தெரிகிறது. எனக்கும் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்கள். வளையத்துக்குள் கட்டி. குடல் சுவருக்கு வெளியே, இரண்டு இடத்தில்.

ஆக, இரண்டாம் நிலைதான், ஆனால் திரும்பி வரும் ஆபத்து கூடிய இரண்டாம் நிலை. செல்லின் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் கட்டியில் சரியாக இருந்ததால் கீமோ பற்றிப் பேச இடமிருந்தது. அவை இல்லாத கட்டிகளுக்கு நோயின் போக்கும் வைத்தியக் கணக்கும் வேறு. எவ்வளவு பலன், எவ்வளவு தொந்தரவு என்று டாக்டர் இரண்டையும் சொன்னார். அப்பா முடிவெடுக்க ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப், இடையில் 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, மொத்தம் நான்கு சுற்று. ஆபரேஷன் ஆன ஏழாம் வாரம் தொடங்கினோம்.

மார்கழிக் குளிரில் அந்த டிரிப் கொடுமை. சில்லென்ற எவர்சில்வர் டம்ளரைத் தொட்டாலே அப்பாவின் விரல்களில் ஷாக் அடித்தது போல இருக்கும். குடிக்க, கைகழுவ எல்லாவற்றுக்கும் வெந்நீர். அந்த வருடம் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டியதெல்லாம் சித்தப்பாதான். சொந்தக்காரர்கள் மஞ்சளே மருந்து என்று குர்குமின் மாத்திரை டப்பாவோடு வந்தார்கள். ஆய்வகத்தில் அது ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பது உண்மைதான், ஆனால் வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கிறது என்றார் டாக்டர். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை, கீமோ முடியும்வரை மாத்திரை மட்டும் வேண்டாம் என்றார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தோம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை. ஒரு வருட ஸ்கேனும் கொலனோஸ்கோப்பியும் சுத்தம். ரிப்போர்ட் இரண்டையும், பிளாக் கொடுத்து வாங்கிய ரசீதையும் அப்பா பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். அடுத்த ஸ்கேன் தையில், மஞ்சள் வெட்டு தொடங்குவதற்கு முன்னால்.