முன்னமே கவனித்திருந்தால் என்று கேட்பவர்களுக்கு

சென்ற ஆண்டு தைப்பூச விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவுப் பணியை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்திருந்ததைப் பார்த்தேன். திருப்பி அழைத்தபோது பேசியவர் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த ஒரு பெண். என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவர் வளர்க்கும் எட்டு வயது கோல்டன் ரெட்ரீவர் ராணி ஒரு மாதமாக முன்னங்காலை நொண்டிக்கொண்டிருந்ததாகவும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கம் கண்டதாகவும், முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டதாகவும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு, சிகிச்சை உண்டா, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் இருப்பாள் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால், "அண்ணே, நான் முன்னமே கவனிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" என்று கேட்டார்.

இதே நோயில் என் நாயை இழந்தவன் என்று தெரிந்து இந்தச் சில ஆண்டுகளில் என்னை அழைத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். நானும் கேட்டவன்தான்.

எங்கள் பீமா ராட்வைலர் இனம். 2019 மார்ச் மாதத்தில், அவனுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, இடது முன்னங்காலில் நொண்டல் தொடங்கியது. வாசல் கேட்டைத் தாண்டிக் குதித்ததில் சுளுக்கிக்கொண்டான் என்று நானாகவே முடிவு செய்தேன். முதலில் கொண்டுபோன கிளினிக்கிலும் அப்படித்தான் சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்ற நாள்களில் நொண்டல் குறைந்ததால் சுளுக்குத்தான் என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. மூன்று வாரம், இரவுதோறும், என் அம்மாவின் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தை எடுத்து அவன் தோள்பட்டையில் தேய்த்து உருவிவிட்டேன். உருவும்போது அவன் கத்தவில்லை, கடிக்கவும் வரவில்லை. தலையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் கையை எடுக்கும்வரை வேகவேகமாக உதட்டை நக்கிக்கொண்டிருந்தான். நாய் தன் வேதனையைச் சொல்லும் விதங்களில் அதுவும் ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. புற்று அரித்துக்கொண்டிருக்கும் எலும்பை அழுத்தி உருவினால் எவ்வளவு வலிக்கும் என்பதும், தைலத்தை நாய் நக்கினால் அதற்கு நஞ்சாகலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

ராணியை வளர்த்தவருக்கு நான் சொன்ன பதில், பீமாவின் மருத்துவர் எனக்குச் சொன்னதுதான். ஆஸ்டியோசர்கோமா எனப்படும் இந்தப் புற்று, நொண்டல் நம் கண்ணில் படும் வேளையிலேயே, பத்தில் ஒன்பது நாய்களுக்கு இரத்தத்தின் வழியே வேறிடத்துக்கு, பெரும்பாலும் நுரையீரலுக்கு, எக்ஸ்ரேயில் தெரியாத நுண்ணிய அளவில் போய்ச் சேர்ந்திருக்கும். அன்றைக்கு நெஞ்சுப் படம் எடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாததால் இல்லை என்று பொருளாகாது. மூன்று வாரம் முன்னதாகப் போயிருந்தால் பீமாவுக்கு மூன்று வார வலி குறைந்திருக்கும், அதை நான் மறுக்கமாட்டேன். அவன் பிழைத்திருப்பான் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. இந்த நோயைப் பற்றிய ஆகக் கொடுமையான செய்தி இதுவே என்றாலும், தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருப்பவரை அங்கிருந்து இறக்கிவிட இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா இனி என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார். அதன் பிறகுதான் சிகிச்சையைப் பற்றிப் பேச முடிந்தது.

நாய்களுக்கு எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான். ராட்வைலர், கிரேட் டேன், கிரேஹவுண்ட், செயின்ட் பெர்னார்ட், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய உடம்புக்காரர்களுக்கே இது அதிகம் வருகிறது. பின்னங்காலைவிட முன்னங்காலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எக்ஸ்ரேயில் சந்தேகம் எழுந்தால் ஊசியால் திசுவை எடுத்துப் பார்த்து உறுதி செய்கிறார்கள். பினாங்கிலிருந்து சிலர் கோலாலம்பூர் அருகே செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை வரைக்கும் நெடுஞ்சாலையில் கொண்டுபோகிறார்கள்.

காலை எடுப்பதா என்ற கேள்வியில்தான் குடும்பங்கள் உடைகின்றன. காலை மட்டும் எடுத்தால் நாய் சராசரியாக 4 முதல் 5 மாதம் உயிரோடு இருக்கும்; எடுத்த பின் கார்போபிளாட்டின் போன்ற புற்றை அழிக்கும் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான்கு முதல் ஆறு தடவை ஏற்றினால் 10 முதல் 12 மாதம்; இரண்டு ஆண்டைத் தொடுபவை ஐந்தில் ஒன்று. இந்தச் சராசரி என்பது பாதி நாய்கள் அதற்கு முன்பும் பாதி நாய்கள் அதற்குப் பின்பும் போகின்றன என்பதன் கணக்கே ஒழிய, நம் நாயின் தலையில் எழுதப்பட்ட தேதி அன்று. கால் போனால் நாய் முடமாகிவிடுமே என்று அழுதவர்களிடம், அந்தக் காலை அது ஏற்கெனவே ஊன்றுவதில்லை, நாம் எடுப்பது வலியைத்தான் என்று சொல்லிப் பார்ப்பேன். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட நம் ஊரிலும் மக்கள் ஓடியிருக்கிறார்கள். அவருக்கு வந்ததும் இதே ஆஸ்டியோசர்கோமாதான், 1977இல் வலது காலை எடுத்த பிறகு 1980இல் செயற்கைக் காலோடு அவர் நாட்டைக் குறுக்காகக் கடக்க ஓடினார். நாய்களுக்கு வரும் நோயும் பதின்ம வயதினருக்கு வரும் நோயும் மிக நெருங்கியவை என்பதால் ஒன்றைப் படித்து மற்றொன்றுக்கு உதவியிருக்கிறார்கள்.

ஆனாலும், எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தவரை நான் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மற்ற மூன்று கால்களிலும் மூட்டுத் தேய்மானம். அவர் வலியைக் குறைக்கும் வழியை மட்டும் தேர்ந்தெடுத்தார்: மருத்துவர் கொடுத்த அழற்சி குறைக்கும் மாத்திரை, அதோடு கபாபென்டின் என்னும் நரம்பு வலி மருந்து, எலும்பு அரிப்பை மட்டுப்படுத்த இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் ஒரு மருந்து. எலும்பு வலுவிழந்து சாதாரணமாக எழும்போதே முறிந்துவிடும் ஆபத்து இந்த வழியில் உண்டு என்பதை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். வீட்டு அலமாரியில் இருக்கும் மனிதருக்கான வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குரலை உயர்த்திப் பேசிவிடுவதுண்டு.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த நாயைப் பார்க்கும் முதல் இரவுக்கு யாரும் தயாராக இருப்பதில்லை. மழித்த தோலில் நீளத் தையல், அதைச் சுற்றி ஊதாவும் கறுப்புமாகக் கன்றிய நிறம், மருந்து மயக்கத்தில் விடியவிடிய முனகல். காலை எடுத்தது பெரும் பிழை என்று தோன்றுவது அந்த இரவில்தான்; அதனால் அந்த இரவு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவைப்பேன். நம் தாமான் குடியிருப்பு வீடுகளின் வழுவழுப்பான தரை ஓடுதான் மூன்று கால் நாய்க்கு முதல் எதிரி. பீமாவுக்காக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ரப்பர் பாய்கள் பன்னிரண்டு வாங்கி, கூடத்திலிருந்து அடுப்படி வரை ஒரு பாதை போட்டேன். அதில் ஒரு பாயின் மூலையை அவன் கடித்துப் பிய்த்துவிட்டான். பழைய கைலியை நாலாக மடித்து வயிற்றுக்கடியில் கொடுத்து இரு பக்கமும் தூக்கிப் பிடித்தால் படியிறக்கலாம். மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தேன். இட்லியை நிதானமாகத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் என் காலடியில் துப்பினான். கோழி ஈரலுக்குத்தான் மசிந்தான்.

மருந்து ஏற்றினால் மனிதர்களைப் போல் சுருண்டு படுத்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நாய்களுக்கு நல்ல நாள்களைக் கெடுக்காத அளவிலேயே கொடுப்பதால் பெரும்பாலானவை தாங்கிக்கொள்கின்றன. முடியும் பொதுவாகக் கொட்டுவதில்லை. வெள்ளணுக்கள் குறையும் இரண்டாவது வாரத்தையொட்டி நாய் சோர்ந்து படுத்து உடல் வெப்பம் 39.5 டிகிரியைத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மருந்தேற்றிய பிறகு சில நாள்களுக்குச் சிறுநீர், மலத்தைக் கையுறை போட்டுத் துடைக்க வேண்டும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அதைத் தொடவே கூடாது.

பணத்தைப் பற்றி நம்மவர்கள் வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுகிறார்கள். எனக்குக் கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம், அந்த மாதம் கைக்கு வந்ததால்தான் பீமாவுக்கு அறுவை நடந்தது. வராமல் போயிருந்தால் நடந்திருக்காது, அதனால் அவன்மீது எனக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்லியிருக்கவும் முடியாது. ஆ லோங் எனப்படும் கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கியாவது செய்கிறேன் என்று ஒரு தம்பி சொன்னபோது, வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். வலியில்லாமல் வைத்துக்கொள்வதும் சிகிச்சைதான். அது ஏழைக்கு விதிக்கப்பட்ட இரண்டாந்தரம் அன்று.

துணை நிற்பவர் நாயைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, மதக் காரணத்தால் பீமாவைத் தொட்டதே கிடையாது. ஆனால் அவன் வாடிக் கிடந்த மாதங்களில் தினமும் மாலை வேலியோரம் வந்து நின்று, "டா மாக்கான் கா?" என்று, அவன் சாப்பிட்டானா என்பதை மட்டும் விசாரித்துவிட்டுப் போவார். எங்கள் உறவுக்காரர்கள் பலர் அதைக்கூடக் கேட்கவில்லை.

எப்போது போதும் என்று முடிவெடுப்பது? அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா 10 மதிப்பெண், கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். நவம்பரில் ஒரு நாள் பீமாவுக்கு நான் 41 போட்டேன். அதே நாளுக்கு என் மனைவி தனியாக உட்கார்ந்து போட்டது 27. மதிப்பெண் போடும் கை ஆசைப்படும் கையாகவும் இருப்பதால், இருவர் ஒருவருக்கொருவர் காட்டாமல் போடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். மளிகைக்கடைக் காலண்டரில் நல்ல நாளுக்கு வட்டமும் கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறியும் போட்டு வந்தாலும் போதும். தாளைத் திருப்பும்போது உண்மை தெரிந்துவிடும்.

கருணைக்கொலை என்று தமிழில் சொல்கிறோம். கருணை முன்னால் நின்றாலும் காதில் விழுவது கொலைதான். பைரவர் வாகனத்தின் உயிரை நாமே எடுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்கும்போது அந்தச் சொல் இன்னும் கனக்கிறது. நான் வழியனுப்புதல் என்று சொல்கிறேன். அந்த அறையில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே விவரமாகச் சொல்லிவிடுவது, ஆறுதல் வார்த்தைகளைவிடப் பெரிய உதவி என்று கண்டிருக்கிறேன்: முதலில் உறங்கவைக்கும் ஊசி, பிறகு இரத்தக் குழாயில் மயக்க மருந்தின் மிகை அளவு, சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும், கண்கள் மூடாமலே இருக்கும், சில வேளை நின்ற பிறகும் ஒரு பெருமூச்சு வரும், சிறுநீர் பிரியும். இதையெல்லாம் அறியாதவர் அந்தப் பெருமூச்சைக் கேட்டு, உயிர் இருக்கும்போதே விட்டுவிட்டோமோ என்று காலமெல்லாம் மருகுவார். டிசம்பரில் பீமாவிடம் அந்தப் பெருமூச்சு வந்தபோது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ராணி எட்டு மாதம் மூன்று காலோடு ஓடியாடிவிட்டு, நுரையீரலில் பரவி மூச்சு வாங்கத் தொடங்கியதும், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அவள் வீட்டு ரப்பர் பாயிலேயே படுத்தபடி வழியனுப்பப்பட்டாள். என் பாய்கள்தான் அவை. பீமாவுக்குப் பிறகு நான்கைந்து வீடுகளுக்குப் போய் வந்திருக்கின்றன. மனிதர் இறந்தால் எட்டு, பதினாறு என்று ஆள்கள் வந்துபோக நாள் வைத்திருக்கிறோம். நாய்க்கு அது கிடையாது; மறுநாளே வேலைக்குப் போக வேண்டும், இன்னொரு குட்டி வாங்கிக்கொள் என்பதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால் நான் பதினாறாம் நாளைக் கணக்கு வைத்துக் கூப்பிடுவது வழக்கம்.

அன்று தீபாவளி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பட்டாசுச் சத்தத்துக்கு ராணி நடுங்குவாள் என்பதால், தீபாவளி இரவு வழக்கம்போல் எல்லா ஜன்னல்களையும் சாத்தி, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைத்து, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்த பிறகுதான் நினைவு வந்தது என்று அவர் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, பாய்களைக் கழுவிப் போட்டிருப்பதாகவும், மூலை கடித்த அந்த ஒன்று மட்டும் இன்னும் ஈரமாக இருப்பதாகவும், எப்போது வந்து எடுத்துக்கொள்வீர்கள் என்றும் கேட்டார். மழைக்காலம்தானே, மெதுவாகக் காயட்டும் என்றேன்.