வடமும் கயிறும்: ஜூன் மாத நாட்குறிப்பு

4 ஜூன் 2024, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். பா.ஜ.க. 240-இல் நின்றுவிட்டது. காங்கிரஸுக்கு 99. தமிழ்நாட்டில் 39 தொகுதியும் தி.மு.க. கூட்டணிக்கே. நம் திருநெல்வேலித் தொகுதியில் காங்கிரஸின் ராபர்ட் புரூஸ், பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரனை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டார்.

சாயங்காலம் வாகையடி முக்கில் டீ குடிக்கப் போனேன். அங்கேயும் ஓட்டு எண்ணிக்கைதான், ஆனால் கணக்கு வேறு, சாதிக் கணக்கு. “அவுக ஓட்டு மொத்தமா இங்க விழுந்துட்டு அண்ணாச்சி. இவுகதான் ரெண்டா பிரிஞ்சுட்டாவ” என்று ஒருவர் தெருத் தெருவாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். ரகசிய வாக்கெடுப்பு என்று பெயர்தான். எந்தத் தெரு எந்தப் பொத்தானை அழுத்தியது என்பது டீக்கடைக்குத் தெரிந்திருக்கிறது. தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறதே, அதைப் பற்றி யாராவது வாய் திறப்பார்களா என்று இரண்டாவது டீ வரை உட்கார்ந்து பார்த்தேன். ம்ஹூம்.

9 ஜூன், ஞாயிறு

ராத்திரி ஒரு சேனலில் டெல்லிப் பதவியேற்பு, இன்னொன்றில் டி20 உலகக் கோப்பை, நியூயார்க் மழை. ரிமோட் பேரன் கையில் இருந்ததால் மழையைத்தான் பார்த்தோம். இந்தியா 119-க்குச் சுருண்டதும் பயல் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் பும்ரா 14 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுக்க, பாகிஸ்தான் 113-இல் நின்றது. ஆறு ரன்னில் ஜெயம். யார் யார் மந்திரி என்பதைக் காலையில் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

13 ஜூன், வியாழன்

நெல்லையப்பர் கோயிலில் ஆனித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. இனி பத்து நாளைக்கு டவுனில் யாருக்கும் வேலை ஓடாது. ஒன்பதாம் திருநாள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, தேர்.

பிள்ளையார், முருகன், சுவாமி, காந்திமதி அம்பாள், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர். சுவாமி தேர் மட்டும் 450 டன் என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள். திருவாரூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்களுக்கு அடுத்து இதுதான் பெரிது என்பது ஊர்ப் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை, எந்த இயந்திரமும் தொடாமல் முழுக்க மனிதக் கையே இழுப்பது.

முன்னால் வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். பின்னால் தடி போடுகிறவர்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கனமான மரத்தடியைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, மறு நுனியில் ஆட்கள் ஏறி மிதித்துத் தேரை நெம்பி விட வேண்டும். மிதி ஒரே நேரத்தில் விழாவிட்டால் தேர் அசையாது. திரும்பும் முனைகளில் முட்டுக்கட்டை போடுகிறவர் கதை இன்னும் மோசம். உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்தாக வேண்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் டிரில் வாத்தியாராக இருந்தவன். அந்தக் கண்பார்வையும் கைவேகமும் இருந்த பையன் என் மைதானத்தில் அபூர்வமாகத்தான் கிடைத்தான்.

16 ஜூன், ஞாயிறு

நேற்று கனடாவுடனான ஆட்டம் ஃப்ளோரிடா ஈரத்தில் நடக்காமலே போனது.

மாஞ்சோலையில் தேயிலை வேலை நிற்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் கொடுத்த 99 வருஷக் குத்தகை முடிய 2028 ஆக வேண்டும். அதற்கு முன்பே ஆட்களுக்கு விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்குகிறார்கள். அதில் விருப்பம் யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்தவர்கள் கீழே இறங்கி எந்தத் தெருவில் வீடு கேட்பார்கள்? நம் ஊர்த் தெருக்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

சாயங்காலம் பேரனைத் திருவிழாக் கடைகளுக்குக் கூட்டிப் போனேன். டெல்லி அப்பளம், ராட்டினம், ஊதல். ஒரு தள்ளுவண்டியில் கைக்கயிறுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சிவப்பு மஞ்சள், பச்சை சிவப்பு, நீலம் மஞ்சள், எல்லாம் ஜோடி ஜோடியாக, ஜோடிக்கு ஒரு சாதி.

“எந்தக் கலர் நல்லா ஓடுது?” என்று கேட்டேன்.

“அது ஊருக்கு ஊர் மாறும் சார். டவுன்ல எல்லாம் ஓடும். கிராமத்துக் கொடைக்குப் போறப்ப ரெண்டு கலரை வெளியவே எடுக்க மாட்டேன்.”

ஒரு சர்வே எடுக்கிறவனுக்குக்கூட இவ்வளவு துல்லியம் இருக்காது.

19 ஜூன், புதன்

நீதிபதி சந்துரு நேற்று முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்துவிட்டார். போன ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பையனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபோது, தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு போட்ட குழு. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, ஒரு வட்டாரத்தில் அதிகம் இருக்கிற சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது, பிள்ளைகள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, நெற்றியில் அடையாளம் கூடாது. டிவியில் உடனே சண்டை ஆரம்பித்தாயிற்று. சாமிக் கயிற்றில் கை வைக்கலாமா என்கிறது ஒரு பக்கம்.

சாமிக் கயிறு எது, அந்தக் கயிறு எது என்று தெரியாத வாத்தியார் இந்த ஜில்லாவில் இல்லை. தெரியாத மாதிரி இருக்கிறவர்கள் உண்டு.

மைதானத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். வாலிபாலில் பந்து யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பத்து நிமிஷம் பார்த்தால் போதும், கயிற்றின் கலரைப் பார்க்கவே வேண்டாம். கபடியில் மறைக்க முடியாது. ரெய்டு வருகிறவனை மடக்க, பிடிக்கிற பக்கம் சங்கிலி போட வேண்டும். சங்கிலி என்றால் பக்கத்தில் நிற்பவன் கையைக் கோத்துப் பிடிப்பது. சில பையன்கள் உள்ளங்கையைக் கொடுக்க மாட்டார்கள். ரெண்டு விரல் நுனியை மட்டும் நீட்டுவார்கள். ரெய்டர் அந்த இடத்தைச் சரியாக மோப்பம் பிடித்து அதற்குள்ளேயே புகுந்து போவான். பாயிண்ட் போகும்.

ஆட்டத்தில் மோதிரம், காப்பு எதுவும் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும். விதி அது. அதைச் சாக்காக வைத்துக் கயிற்றையும் கழற்றச் சொல்வேன். மறு பேச்சில்லாமல் கழற்றுவார்கள். மடித்து ஷூ சாக்ஸுக்குள் வைத்துக்கொள்வார்கள். கடைசி விசில் ஊதினதும் தண்ணீர்கூடக் குடிக்காமல், முதல் காரியமாகப் பல்லால் கடித்து மறுபடி முடிச்சுப் போடுவார்கள்.

அதனால் தடை தப்பு என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் வேண்டும். கையில் இல்லாவிட்டால் அடுத்து பைக் சீட் கவருக்கும் செல்போன் முகப்புக்கும் போகும். அங்கேயும் துரத்த வேண்டியதுதான். வகுப்பில் உட்காரும் அந்த எட்டு மணி நேரமாவது ஒரு பையன் இன்னொருவன் மணிக்கட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பானே.

20 ஜூன், வியாழன்

கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம். கருணாபுரத்தில் வரிசையாகச் சாவு. எண்ணிக்கை முப்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் ஏறும் என்கிறார்கள். எல்லாம் மூட்டை தூக்குகிற, கூலிக்குப் போகிற சனம். மெத்தனால் கலந்த சரக்கு போலீஸ் கண்ணில் படாமல் தெருவில் விற்றதாம்.

ராத்திரி ஆப்கானிஸ்தான் ஆட்டம். பேரன் பார்த்தான். எனக்கு மனசு ஓடவில்லை.

21 ஜூன், வெள்ளி

ஜில்லாவுக்கே இன்று உள்ளூர் விடுமுறை. 518-வது ஆனித் தேரோட்டம். கீழரத வீதியில் கால் வைக்க இடமில்லை.

சுவாமி தேருக்கு நானும் வடம் பிடித்தேன். பழைய மாணவன் ஒருத்தன், இப்போது லோடு ஆட்டோ வைத்திருக்கிறான், “சார், சும்மா நிக்கியளே, வாங்க” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான். “ஹரஹர மகாதேவா” என்று ஒரு சத்தம் எழும்பியது. பின்னால் தடி விழுகிற அதிர்ச்சி காலில் தெரிந்தது. தேர் கிர்ரென்று அசைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், வடம் அறுந்துவிட்டது.

அறுந்தால் என்ன ஆகும் என்பது பிடித்தவனுக்குத்தான் தெரியும். கையில் இருந்த பாரம் சட்டென்று காணாமல் போக, மொத்த வரிசையும் முன்னால் குப்புறச் சரிந்தது. என் மேல் ரெண்டு பேர். வேறு வடம் கட்டி இழுத்தோம். அதுவும் அறுந்தது. அப்புறமும் அறுந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், “அபசகுனம்” என்று ஆரம்பித்தார். பழைய கயிறு பாரம் தாங்கவில்லை, இதில் சகுனம் எங்கே வந்தது? கடைசியில் திருச்செந்தூர்க் கோயிலில் இருந்து வடம் வரவழைத்து, இரும்புச் சங்கிலியும் மாட்டித்தான் தேரை நகர்த்த வேண்டியதாயிற்று.

காத்திருந்த நேரத்தில் என் முன்னால் வடத்தில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை சிவப்புக் கயிறு கட்டிய ஒரு மணிக்கட்டு. அதை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், சிவப்பு மஞ்சள். ரெண்டு பேருக்கும் பதினேழு பதினெட்டு வயசு இருக்கும். பிடித்த பிடியில் நகக்கண் வெளுத்திருந்தது. நார்ச் சிலும்பு ஒருத்தன் உள்ளங்கையில் ஏறிவிட்டது. “இரில, அசையாத” என்று மற்றவன் அந்தக் கையைத் திருப்பி வைத்து நகத்தால் பிடுங்கி எடுத்தான். என் கபடிப் பையன்கள் விரல் நுனியோடு நிறுத்திக்கொண்டார்களே, அதே வயசு.

இதைப் பார்த்துவிட்டுச் சாதி ஒழிந்தது என்று எழுத நான் மேடைப் பேச்சாளன் இல்லை. மோர்ப் பந்தலில் அவர்கள் ரெண்டு பேரும் ரெண்டு கூட்டத்தோடுதான் நின்றார்கள். வடம் பிடித்த கை அரிவாள் எடுத்ததையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஆனால் 450 டன்னுக்கு முன்னால் விரல் நுனி உதவாது என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

22 ஜூன், சனி

தோள்பட்டை கழன்றுவிட்டது போல வலி. தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, “அறுவது வயசுக்கு மேல இது தேவையா?” என்றாள் வீட்டுக்காரி. தேவைதான்.

பேப்பரில் கண்டதேவி செய்தி. தேவகோட்டைப் பக்கம், சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். அங்கேயும் நேற்றுத்தான் தேர், பல வருஷத்துக்குப் பிறகு. வடத்தைப் பட்டியல் சாதியினரும் தொடலாமா என்ற ஒரே சண்டையில் 1998-இல் இருந்து கோர்ட்டு, கலவரம், தடை என்று இழுத்துக்கொண்டிருந்த விவகாரம். நேற்று போலீஸைக் குவித்து வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கடவுள் தெருவுக்கு வர லத்திக் காவல் வேண்டியிருக்கிறது. சரி, அப்படியாவது வந்தாரே.

25 ஜூன், செவ்வாய்

நேற்று ராத்திரி ரோகித் சர்மா ஆடினாரே ஒரு ஆட்டம்! ஆஸ்திரேலியாவை அடித்து 41 பந்தில் 92. ஸ்டார்க் ஒரே ஓவரில் கிழிந்து போனார்.

காலையில் ஆட்டோக்காரப் பையன் போன் பண்ணினான். அவன் ஊர் அம்மன் கொடைக்கு மின்னொளிக் கபடி நடத்துகிறார்கள், நான் நடுவராக வர வேண்டுமாம். வருகிறேன், ஒரு நிபந்தனை என்றேன். உங்கள் ஊர் டீம் ஜெர்சியில் அந்தக் கலர் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “கமிட்டில கேட்டுச் சொல்லுதேன் சார்.”

30 ஜூன், ஞாயிறு

நேற்று தூங்கும்போது மணி ஒன்றரை. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் வேண்டும், கிளாசன் வெளுத்து வாங்குகிறார் என்ற கட்டத்தில் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பேரன் கத்தின கத்தில் திரும்பி ஓடி வந்தேன். ஹர்திக் பந்தில் கிளாசன் அவுட். கடைசி ஓவரில் மில்லர் தூக்கினதை எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்து, மேலே தூக்கிப் போட்டுவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய், மறுபடி உள்ளே வந்து பிடித்தார். ஏழு ரன்னில் கோப்பை. டி20-இல் 2007-க்குப் பிறகு இப்போதுதான். தெருவெல்லாம் பைக் சத்தம், வெடி. எந்தத் தெருப் பையன்கள் எந்தத் தெருவுக்குள் போகிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. போலீஸ்காரரே சிரித்துக்கொண்டு நின்றார்.

இன்று காலை ஆட்டோக்காரன் மறுபடி போன். “சார், கமிட்டில ஒத்துக்கிட்டாவ. இந்தியா டீம் மாதிரி நீலமா அடிச்சிருவோம்.”

“நீலம் பக்கத்து ஊர்க்காரன் கலர்லா. அவன் சும்மா இருப்பானால?”

யோசித்தான். பச்சை? அது வேறொருவருக்கு. மஞ்சள்? வேண்டவே வேண்டாம். காவி, சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரன் இருந்தான். கடைசியில் வெள்ளை என்றேன்.

“வெள்ளை ஒரு ரெய்டுலயே அழுக்காயிரும் சார்.”

சோப்புக்கான காசை நான் தந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.