உள்ளக் கமலத்தின் யாப்பு

இன்று மாலை மட்டக்களப்புக் கல்லடியில், சுவாமி விபுலாநந்தரின் சமாதியருகே ஒரு சிறுமி, இறைவனடிக்கு ஏற்ற மலர் எதுவென்று கேட்டு ‘உள்ளக் கமலமடி’ என விடைசொல்லும் அவரது ‘வெள்ளைநிற மல்லிகையோ’ பாட்டை விரல்மடக்கிச் சீர் பிரித்துத் தன் அம்மப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளை, வள்ளல், வெள்ளை, உள்ள என நான்கடியிலும் ளகர எதுகை. ‘வள்ளல் – வாய்த்த’, ‘உள்ள – உத்தமனார்’ என முதற்சீரும் மூன்றாஞ்சீரும் இயைந்த பொழிப்பு மோனை. பரீட்சைக்கு இவ்வளவும் போதும்.

எனக்கு உவப்பானது, சொன்ன சொற்களே அதில் மடங்கி மடங்கி வருவது.

முதலடி ஓகாரமிட்டுக் கேட்ட மலர்களையே மூன்றாமடி ‘அல்ல, அல்ல’ என விலக்குகிறது. பாட்டுக்குப் பாட்டு மலர்கள் மாறினாலும் ‘வாய்த்த மலரெதுவோ’, ‘வேண்டுவது’ என்னும் ஈறுகள் மாறுவதில்லை.

அந்த மாறாமையால் காது விடையை எதிர்பார்த்திருக்கும் வேளையில், ‘கமலமடி’ என்று தோழியை விளிக்கும் அந்த ஒற்றை ‘அடி’, துறவியின் தத்துவத்தைக் கும்மியடிக்கும் பெண்ணின் வாய்மொழியாக்கிவிடுகிறது. 1892இல் காரைதீவில் பிறந்தவருக்கு அந்த ஓசை ஊரிலேயே கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.