குடிமல்லம் பரசுராமேஸ்வரர் தரிசனம்

ரேணிகுண்டாவில் ரயிலை விட்டு இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்துக் கிராமமான குடிமல்லத்துச் சிவன் கோயில் என்றதும் ஒருவர் முகத்திலும் சுரத்தே இல்லை. "அங்கே என்ன இருக்கு? காளஹஸ்தி வாங்க, ராகு கேது பூஜைக்கு நானே ஏற்பாடு பண்றேன்" என்று ஒருவர் பையைப் பிடித்தே இழுத்தார். பைபாஸ் ஆபரேஷன் ஆன அப்பாவை வெயிலில் நிற்கவைத்துப் பேரம் பேச மனசு வரவில்லை. கேட்ட காசைக் கொடுத்து ஏறினோம். சாமி கும்பிட வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது என்ன நியாயமோ தெரியவில்லை.

இது அம்மாவின் நேர்த்திக்கடன். கல்வெட்டு, சிதைந்த கோயில், யாராலும் முழுசாக விடை சொல்ல முடியாத சிலை என்று பல வருஷமாக அலைகிறவன் நான். படித்தது வேறு, பார்க்கும் வேலை வேறு. ஆனாலும் இந்தப் பித்து விடவில்லை. அதிலும் குடிமல்லம் லிங்கத்தைப் பற்றி வீட்டில் பேசாத நாளில்லை. அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது அம்மா சொன்னாள்: "நீ சொல்லிக்கிட்டே இருப்பியே, அந்தப் பரசுராமேஸ்வரருக்கு அபிஷேகம் பண்றதா வேண்டிக்கிட்டேன்."

1911-ல் தொல்லியல் அறிஞர் டி.ஏ. கோபிநாத ராவ் ஆராய்ந்து உலகுக்குச் சொன்ன லிங்கம் இது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்றார் அவர். இல்லை, பல நூற்றாண்டு பிந்தியது என்பவர்களும் உண்டு. 1973-ல் தொல்லியல் துறை தோண்டியபோது பழைய செங்கல் கோயிலின் தடம் கிடைத்தது. லிங்கத்தைச் சுற்றிக் கல் வேலியும் இருந்தது. ஆதியில் ஐயன் வெட்டவெளியில்தான் நின்றிருக்க வேண்டும். படுத்திருக்கும் யானையின் பின்புறம் மாதிரி வளைந்த, இப்போதுள்ள தூங்கானை மாடமெல்லாம் பிறகு வந்தது. தென்னாட்டில் அவ்வளவு பழைய காலத்தில் இதற்கு இணையாக இன்னொரு லிங்கம் கிடைக்கவில்லை. லிங்கத்தின் முன்பக்கத்திலேயே ஈசன் உருவம் நிற்கும் இப்படியொரு வடிவம் யார் மனசில் உதித்தது, முன்மாதிரி எது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

கருவறை தாழ்வாக இருக்கிறது. வேனில் வந்த கூட்டம் ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனது, செல்போனை உயர்த்திக்கொண்டு. அர்ச்சகர் அதட்டிய பிறகுதான் அடங்கினார்கள். அப்புறம் எங்கள் பால் அபிஷேகம்.

ஐந்தடி உயர லிங்கம். பால் உச்சியிலிருந்து வழிந்து முன்பக்கம் நிற்கும் ஈசனின் தலைக்கட்டில் தேங்கி, காதணியைத் தொட்டு, தோளில் சாய்ந்த பரசு என்னும் கோடரி மேல் இறங்கியது. வலது கையில் ஆட்டைத் தொங்கவிட்டிருக்கிறாரே, அதன் உடம்பு வழியாகவும் வழிந்தது. இடது கையில் சின்னக் கலசம். காலடியில் குந்தியிருக்கும் யட்சன். பூணூல் இல்லை, ஆடை இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. புத்தகத்தில் நூறு தடவை பார்த்த உருவம்தான். ஆனால் தீபாராதனைத் தட்டு முகத்துக்கு நேரே போனபோது, அந்தப் பழுப்பு நிறக் கல் ஈரத்தில் மின்னியபோது, எந்த நூற்றாண்டும் நினைவுக்கு வரவில்லை. அப்பா பக்கத்தில் நிற்கிறார், மூச்சு விடுகிறார், கை கூப்பியிருக்கிறார். அது ஒன்றுதான் தெரிந்தது. ஐயனே, எங்கள் மனுஷரைத் திருப்பிக் கொடுத்தாயே! வாய்விட்டு அழுதேன். அம்மா தடுக்கவில்லை.

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை கங்கை கருவறைக்குள் பொங்கி லிங்கத்தைத் தொடும் என்று ஊரார் நம்புகிறார்கள். 2005 டிசம்பரில் அப்படி நீர் வந்ததாகவும் சொல்கிறார்கள். சுவர்ணமுகி ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது, நிலத்தடி நீர் ஏறியிருக்கலாம். ஏறட்டுமே. ஏறி அவரையல்லவா நனைத்தது!

கோயில் கல்வெட்டுகளில் தமிழ் எழுத்துகளைக் கண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாதி வரிகூடப் படித்து முடிக்கவில்லை, ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார். பரவாயில்லை. தங்கைக்கு வரன் அமைந்தால் மறுபடி வருவதாக அம்மா அதற்குள் வேண்டிக்கொண்டாயிற்று.